அக்கவுன்ட்டில் 35 லட்சம்... ஆனால், டிசம்பர் சம்பளத்துக்குப் பணம் இல்லை! - சந்தா சாஃப்ட்வேர் கம்பெனிகளின் பணக் கணக்கு

`உங்கள் கார்டிலிருந்து நாளை 299 ரூபாய் எடுக்கப்படும். வேண்டாம் என்றால் ரத்து செய்யலாம்.'

இப்படி ஒரு எஸ்.எம்.எஸ் வராத போன் இன்று அபூர்வம். பாட்டு கேட்கும் ஆப், போட்டோக்களைச் சேர்த்துவைக்கும் கிளவுட், கடையில் பில் போடும் சாஃப்ட்வேர், ஆபீஸில் லீவு எழுதும் சாஃப்ட்வேர் என எல்லாமே மாதச் சந்தாவுக்கு மாறிவிட்டன. கேபிள் டி.வி-க்கும் பால் கார்டுக்கும் பணம் கட்டிய மாதிரி, இப்போது சாஃப்ட்வேருக்கும் கட்டுகிறோம்.

சரி, அந்த 299 ரூபாய் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது?

இது நமக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி அல்ல. சாஃப்ட்வேரைச் சந்தாவுக்கு விற்கும் இந்தத் தொழிலுக்கு `சாஸ்' என்று பெயர். இந்தியாவில் இதன் தலைநகரம் என்று சென்னையைத்தான் சொல்கிறார்கள். கூடுவாஞ்சேரி பக்கம் ஜோஹோ, பெருங்குடியில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று ஆரம்பித்து, பெயர் வெளியே தெரியாத சின்ன கம்பெனிகள் வரை தமிழ்நாட்டில் ஏராளம். அங்கே மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், இந்தத் தொழிலில் வங்கிக் கணக்கில் இருக்கும் தொகை ஒன்று, கம்பெனியின் உண்மை நிலை வேறொன்று.

நான்கு நண்பர்களும் 250 கிளினிக்குகளும்

கோவையில் நான்கு நண்பர்கள் சேர்ந்து, கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளினிக்குக்கு மாதம் 1,000 ரூபாய். மொத்த வருடத்துக்கும் முன்பணமாகக் கொடுத்தால் 12,000 ரூபாய். ஏப்ரல் மாதம் 250 கிளினிக்குகள் ஆண்டுச் சந்தாவே கட்டிவிடுகின்றன. 30 லட்சம் ரூபாய். அதோடு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி, 5 லட்சத்து 40 ஆயிரம். ஆக மொத்தம் வங்கிக் கணக்கில் 35 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்!

நால்வருக்கும் தலைகால் புரியவில்லை. பெரிய ஆபீஸுக்கு அட்வான்ஸ் கொடுத்து, புதிதாக ஆட்களையும் எடுக்கிறார்கள். மாதச் செலவு மூன்றரை லட்சமாகிறது. `அதான் 35 லட்சம் இருக்கே' என்பது அவர்கள் கணக்கு.

முதல் அடி அடுத்த மாதமே விழும். ஜி.எஸ்.டி பணம் கம்பெனியுடையது அல்ல, அரசாங்கத்துடையது. சேவையை 12 மாதங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும், பில் போட்டுப் பணமும் வாங்கிவிட்டால் வரி முழுவதையும் அப்போதே கணக்கில் காட்ட வேண்டும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்கள் என்றால் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாங்கள் ஏற்கெனவே செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், பெரும்பகுதி போய்விடும். தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி.

மிச்சம் 30 லட்சம். மாதம் மூன்றரை லட்சம் வீதம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதங்களில் 28 லட்சம் கரைந்துவிடும். டிசம்பரில் கையில் இருப்பது 2 லட்சம். சம்பளத் தேதி வருகிறது. கிளினிக்குகளிடம் மறுபடி பணம் கேட்க ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நான்கு மாதங்களும் அந்த 250 கிளினிக்குகளுக்கும் சாஃப்ட்வேர் ஓடியாக வேண்டும்!

யாரும் திருடவில்லை, வியாபாரமும் படுக்கவில்லை. வந்த பணத்தை வருமானம் என்று நினைத்ததுதான் தப்பு.

52 இதழ் கடன்

இதைப் புரிந்துகொள்ள வார இதழ் ஒன்றே போதும். ஒருவர் ஆண்டுச் சந்தா கட்டிய அன்று, பத்திரிகை அவருக்கு 52 இதழ்கள் கடன்பட்டிருக்கிறது. 10 இதழ் அனுப்பிய பிறகு 42 இதழ் பாக்கி. அந்தப் பாக்கிக்கான பணம் கல்லாவில் இருந்தாலும் அது இன்னும் பத்திரிகையின் சம்பாத்தியம் ஆகவில்லை.

சாஃப்ட்வேருக்கும் இதே கதைதான். ஒரு கிளினிக் கொடுத்த 12,000 ரூபாயில் முதல் மாதம் முடிந்ததும் 1,000 ரூபாய் மட்டுமே வருமானம். மீதி 11,000 ரூபாய், கணக்குப் புத்தகத்தில் கடன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஆடிட்டர்கள் இதை `டெஃபர்டு ரெவென்யூ' என்பார்கள். சேவையைக் கொடுக்கக் கொடுக்கத்தான் வருமானமாக எழுத வேண்டும் என்பதை, இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் `இந்த் ஏ.எஸ் 115' என்ற கணக்கியல் தரமும் சொல்கிறது. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே விதிதான்.

அப்படிப் பார்த்தால் அந்த நண்பர்களின் உண்மையான மாத வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய். செலவோ மூன்றரை லட்சம். ஏப்ரல் மாதத்திலிருந்தே அவர்கள் மாதம் ஒரு லட்சம் நஷ்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். வங்கி பேலன்ஸ் அதை எட்டு மாதங்கள் மறைத்துவைத்திருந்தது, அவ்வளவுதான்.

விழுந்து எழுந்த அடோபி

இவ்வளவு சிக்கல் என்றால் ஏன் எல்லோரும் சந்தாவுக்கு ஓடுகிறார்கள்? அதற்கு அடோபியின் கதையைப் பார்க்கலாம்.

`போட்டோஷாப்' சாஃப்ட்வேரை டப்பாவில் போட்டு விற்றுக்கொண்டிருந்த கம்பெனி அது. ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் நம்முடையது. புது வெர்ஷன் வந்தால்தான் அடுத்த விற்பனை. 2013 மே மாதம், `இனி புது வெர்ஷன்கள் டப்பாவில் கிடையாது, சந்தா மட்டும்தான்' என்று அடோபி அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். கம்பெனியின் கணக்கும் அடி வாங்கியது. 2012-ல் சுமார் 440 கோடி டாலராக இருந்த ஆண்டு வருமானம், 2013-ல் சுமார் 406 கோடியாக இறங்கியது. நிகர லாபம் 83 கோடி டாலரிலிருந்து 29 கோடிக்குச் சரிந்தது.

காரணம் எளிது. மொத்தமாக வந்துகொண்டிருந்த காசு, சில்லறையாக மாதாமாதம் வர ஆரம்பித்தது. ஆனால், அந்தச் சில்லறை நிற்காமல் வந்தது. 2015-ல் வருமானம் சுமார் 480 கோடி டாலர். 2024-ல் 2,150 கோடி டாலர். அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்பது முன்கூட்டியே தெரிவதுதான் சந்தாவின் பெரிய பலம். இடையில் வரும் பள்ளத்தைத் தாண்ட அடோபியிடம் சேமிப்பு இருந்தது. கோவை நண்பர்களிடம் அது இல்லை.

ஓட்டைக் குடம்

சந்தா தொழிலின் இன்னொரு எதிரி, சத்தமில்லாமல் விலகிப்போகும் வாடிக்கையாளர். இதற்கு `சர்ன்' என்று பெயர்.

1,000 வாடிக்கையாளர்கள் இருக்கும் கம்பெனியில் மாதம் 3 சதவிகிதம் பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 பேர்தானே என்று தோன்றும். புதிதாக யாரும் சேரவில்லை என்றால், வருடக் கடைசியில் மிஞ்சுவது 694 பேர்! இருந்த இடத்திலேயே நிற்பதற்கே வருடத்துக்கு 360 புதியவர்களைப் பிடித்தாக வேண்டும். விலகுவது மாதம் 1 சதவிகிதம்தான் என்றால் 886 பேர் மிஞ்சுவார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதைவிட, ஓட்டையை அடைப்பது மலிவு.

இதற்கு நேர்மையான வழி, பழைய வாடிக்கையாளரே இன்னும் அதிகம் வாங்கும்படி சாஃப்ட்வேரை நன்றாக வைத்திருப்பது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் அமெரிக்கப் பங்குச்சந்தைக்குப் போனபோது வெளியிட்ட ஆவணத்தில் 118 சதவிகிதம் என்று ஓர் எண் இருந்தது. விலகிப்போனவர்களைக் கழித்த பிறகும், முந்தைய ஆண்டு 100 ரூபாய் கொடுத்த வாடிக்கையாளர் கூட்டம் இந்த ஆண்டு 118 ரூபாய் கொடுக்கிறது என்று அர்த்தம். முதலீட்டாளர்கள் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

வாசலைப் பூட்டிவைப்பது இன்னொரு வழி. சந்தாவைப் பாதியில் ரத்து செய்தால் கட்டணம் உண்டு என்பதைச் சரியாகச் சொல்லவில்லை, ரத்து செய்வதையும் கடினமாக்கியது என்று 2024 ஜூனில் அடோபி மீது அமெரிக்க அரசு வழக்கு தொடுத்தது. அடோபி இதை மறுத்தது. எப்படியிருந்தாலும், பூட்டிய வாசலில் நிற்பவர் நல்ல வார்த்தை சொல்லிப் பிறரை அழைத்துவரப் போவதில்லை.

பணம் வாங்குவதே ஒரு தொழில்

சந்தா ரத்தாவதற்கு எப்போதும் கோபம்தான் காரணம் என்றில்லை. கார்டின் கெடு முடிந்திருக்கும். அக்கவுன்ட்டில் பணம் குறைவாக இருந்திருக்கும். வங்கி சர்வர் படுத்திருக்கும். வாடிக்கையாளருக்கு விலகும் எண்ணமே இல்லை, ஆனாலும் சந்தா நின்றுபோகும். யாரிடம் பணம் வரவில்லை, எப்போது மறுபடி முயல வேண்டும், எப்படிக் கோபப்படுத்தாமல் நினைவூட்ட வேண்டும் என்பதெல்லாம் தனிக் கலை.

இந்தக் கலையையே தொழிலாக்கியது சென்னையில் 2011-ல் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த `சார்ஜ்பீ'. மற்ற சந்தா கம்பெனிகளுக்கு பில் போட்டு, வசூலித்து, கணக்கு வைத்துக்கொடுப்பதுதான் அதன் வேலை. 2021 ஏப்ரலில் 100 கோடி டாலர் மதிப்பைத் தாண்டி `யூனிகார்ன்' ஆனது. அடுத்தவர் சந்தாவை வசூலித்துக்கொடுக்க இவ்வளவு பெரிய சந்தை இருக்கிறது என்பதே, வேலை எவ்வளவு சிக்கலானது என்பதற்குச் சாட்சி.

பணம் வாங்கவும் செலவு உண்டு. அமெரிக்காவில் பிரபலமான `ஸ்ட்ரைப்' நிறுவனம், கார்டு பரிவர்த்தனைக்கு வழக்கமாக வாங்குவது 2.9 சதவிகிதத்தோடு 30 சென்ட். மாதம் 10 டாலர் சந்தா என்றால் ஒவ்வொரு முறையும் 59 சென்ட் போகும். வருடத்துக்கு 7 டாலர் 8 சென்ட். அதையே 120 டாலராக ஒருமுறை வாங்கினால் 3 டாலர் 78 சென்ட்தான். `ஆண்டுச் சந்தா கட்டினால் இரண்டு மாதம் இலவசம்' என்று கம்பெனிகள் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். பணம் முன்கூட்டியே வரும், வசூல் செலவு குறையும், விலகும் யோசனை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

இந்தியாவில் 2021 அக்டோபர் 1 இந்தத் தொழிலுக்கு மறக்க முடியாத நாள். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதிகள் அன்றுதான் முழுமையாக அமலுக்கு வந்தன. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வசதி இருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. நம் போனுக்கு வரும் அந்த `நாளை எடுக்கப்படும்' எஸ்.எம்.எஸ்-ஸின் பிறப்பு இதுதான்.

மக்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால், தானாக வந்துகொண்டிருந்த பணம் பல கம்பெனிகளுக்கு ஒரே நாளில் தடைப்பட்டது. பல வெளிநாட்டு நிறுவனங்கள், இந்திய வாடிக்கையாளர்களை மாதாமாதம் தாங்களே வந்து பணம் கட்டச் சொல்லும் நிலை வந்தது. வரம்பு 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்ந்த பிறகு நெருக்கடி குறைந்தது. யு.பி.ஐ ஆட்டோபே வசதியும் கைகொடுத்தது.

வளர வளரப் பற்றாக்குறை

வாடிக்கையாளர் கூடினால் கஷ்டம் தீரும் என்றுதானே நினைப்போம்? இங்கே உல்டா.

ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரம், விற்பனை ஆள் சம்பளம் என 12,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் தரும் மாதச் சந்தா 1,000 ரூபாயில் சர்வர், வாடிக்கையாளர் சேவை போக மிஞ்சுவது 800 ரூபாய். போட்ட பணம் திரும்பவே 15 மாதங்கள் ஆகும். ஒரே மாதத்தில் 100 பேரைப் பிடித்தால் 12 லட்சம் உடனே வெளியே போகும், திரும்பி வருவதோ சொட்டுச் சொட்டாக. வேகமாக வளரும் கம்பெனிதான் வேகமாகப் பணத்தைக் கரைக்கும்.

இந்தப் பள்ளத்தைக் கடக்க இரண்டு வழிகள். இரண்டுக்கும் உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. ஸ்ரீதர் வேம்பு உள்ளிட்டோர் 1996-ல் தொடங்கிய ஜோஹோ, வெளி முதலீடே வாங்கவில்லை. முந்தைய தயாரிப்புகளின் லாபத்தில் அடுத்ததைக் கட்டியது. கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், முதலீட்டாளர்களின் பணத்தில் வேகமாக வளர்ந்தது. 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் 36 டாலர் விலையில் பங்கு வெளியிட்டு, சுமார் 100 கோடி டாலர் திரட்டியது. 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அன்று கோடீஸ்வரர்கள் ஆனதாக கிரிஷ் சொன்னார்.

ஓர் ஆண்டுக்குள் அந்தப் பங்கு வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே போனது. 2024 நவம்பரில் சுமார் 660 பேரை, அதாவது ஊழியர்களில் 13 சதவிகிதத்தினரை நீக்குவதாக ஃப்ரெஷ்வொர்க்ஸ் அறிவித்தது. அதே நாளில் வெளியான காலாண்டுக் கணக்கில் வருமானம் 22 சதவிகிதம் கூடியிருந்தது! வருமானம் வளர்ந்தால் வேலை பத்திரம் என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு இது உதாரணம். பங்குச்சந்தை இப்போது வளர்ச்சியோடு லாபத்தையும் கேட்கிறது.

பணத்தை எங்கே வைப்பது?

சம்பாதித்த பணத்தைப் பாதுகாப்பதும் ஒரு வேலை. 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் ஸ்டார்ட்-அப்களின் செல்ல வங்கியாக இருந்த சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. அங்கே காப்பீடு 2,50,000 டாலர் வரைதான். அமெரிக்காவில் பதிவுசெய்து, அந்த ஒரே வங்கியில் மொத்தப் பணத்தையும் வைத்திருந்த இந்திய ஸ்டார்ட்-அப்களும் இருந்தன. `அடுத்த சம்பளத்தை எப்படிப் போடுவது?' என்று தூங்காமல் கழிந்த வார இறுதி அது. டெபாசிட் முழுவதும் கிடைக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க அரசு அறிவித்த பிறகுதான் மூச்சு வந்தது. குறைந்தது இரண்டு வங்கிகள், சில மாதச் சம்பளம் தனியாக என்ற பழக்கம் பலருக்கு அந்த வாரத்தில்தான் வந்தது.

ஆள் கணக்கா, வேலைக் கணக்கா?

இப்போது ஏ.ஐ வந்து சந்தா கணக்கையே புரட்டிக்கொண்டிருக்கிறது. இதுவரை பெரும்பாலான சாஃப்ட்வேர்களுக்கு விலை, ஆள் கணக்கில். ஆபீஸில் 50 பேர் பயன்படுத்தினால் 50 சந்தா. 20 பேரின் வேலையை ஏ.ஐ செய்துவிட்டால் 30 சந்தாதான் மிஞ்சும். அதனால் வேலைக் கணக்கில் விலை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். `இன்டர்காம்' நிறுவனம், தன் ஏ.ஐ தீர்த்துவைக்கும் ஒவ்வொரு புகாருக்கும் 99 சென்ட் என்று விலை வைத்தது. `சேல்ஸ்ஃபோர்ஸ்' 2024-ல் ஓர் உரையாடலுக்கு 2 டாலர் என்று தொடங்கியது.

வாடிக்கையாளருக்கு இது நியாயமாகத் தோன்றலாம். கம்பெனிக்கோ, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்ற நிம்மதி போகிறது. ஏ.ஐ ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும் கம்ப்யூட்டர் செலவு வேறு ஏறுகிறது. நிலையான வரவு, குறைந்த செலவு என்ற சந்தாவின் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் ஆடுகின்றன.

வீட்டுக்கும் பொருந்தும் பாடம்

சந்தா கட்டுபவர்கள் மாதம் ஒருமுறை யு.பி.ஐ ஆப்பில் `ஆட்டோபே' பகுதியையும், வங்கி ஆப்பில் கார்டுக்கான தானியங்கிக் கட்டணப் பட்டியலையும் பார்த்தால் போதும். மறந்துபோன சந்தா ஒன்றாவது அகப்படும்.

இந்தக் கம்பெனிகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள், சம்பளத்தோடு மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளலாம். புதிதாக ஒரு ரூபாய்கூட வராவிட்டால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்? வருடத்துக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் விலகுகிறார்கள்? மொத்த வருமானத்தில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதா? நல்ல கம்பெனி இதற்கெல்லாம் கோபப்படாது.

அந்தக் கோவை நண்பர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஏப்ரலில் பணம் வந்த அன்றே ஜி.எஸ்.டி-யைத் தனிக் கணக்கில் ஒதுக்கியிருக்கலாம். மீதி 30 லட்சத்தை வேறொரு கணக்கில் போட்டு, மாதம் இரண்டரை லட்சம் மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றியிருக்கலாம். புது ஆபீஸும் புது ஆட்களும் ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும். ஆனால், மார்ச் மாதச் சம்பளம் வரை தேதி தவறாமல் போயிருக்கும்.

முதல் தேதி சம்பளம் வந்ததும் வாடகை, பால், ஸ்கூல் ஃபீஸ், சீட்டு என்று தனித்தனியாக எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் `நம்ம காசு' என்று எண்ணும் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.